பெரிய எண்ணைப் பிரிக்க எந்த வழி? 4294967297-ஐ முன்வைத்து ஓர் ஒப்பீடு

பத்து இலக்க எண் ஒன்று: 4294967297. இது பகா எண்ணா, பகு எண்ணா? பகு எண் என்றால் காரணிகள் எவை? வகுத்திகள் எத்தனை, அவற்றின் கூட்டுத்தொகை எவ்வளவு? இதைவிடச் சிறிய எண்களில் இதனோடு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை? கடைசி மூன்று கேள்விகளும் காரணிகள் தெரிந்தபின் ஒரு நிமிட வேலை. கையைக் கடிப்பது முதல் இரண்டும்தான். அவற்றுக்கு ஆறேழு வழிகள் இருக்கின்றன. எந்த எண்ணுக்கு எதை எடுப்பது என்பதுதான் இங்கே பார்க்கப்போவது.

இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இது 2³² + 1. அடுக்காக 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய், 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 வரும். அடுத்து வருவது இது. முதல் ஐந்தும் பகா எண்கள். இந்த வரிசையில் எல்லாமே பகா எண்கள்தான் என்று 1640-இல் பியர் தெ ஃபெர்மா நம்பினார். 1732-இல் லியோனார்டு ஆய்லர் ஆறாவது எண்ணையே உடைத்துக் காட்டினார்: 4294967297 = 641 × 6700417. விடை முன்கூட்டியே தெரிவதால், ஒவ்வொரு வழியும் 641-ஐத் தொட எத்தனை படி எடுக்கிறது என்று எண்ணியே பார்த்துவிடலாம். அதோடு, பழக்கப்பட்ட வழிகள் எங்கே ஏமாற்றும் என்பதையும் இந்த ஒரே எண் காட்டிக்கொடுக்கிறது.

இரண்டு கேள்வி, இரண்டு விலை

வழியைத் தேர்வதற்கு முன் உங்களுக்கு வேண்டியது எது என்று முடிவு செய்யுங்கள். "இது பகா எண்ணா?" என்பது ஒரு கேள்வி. "இதன் காரணிகள் என்ன?" என்பது வேறு கேள்வி. பள்ளிக்கூடத்தில் இரண்டுக்கும் ஒரே பதில்தான் சொல்லித் தருவார்கள்: வகுத்துப் பார். அதனால் இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் பலருக்கும் தங்கிவிடுகிறது. உண்மையில் ஆயிரம் இலக்க எண் பகா எண்ணா என்று சாதாரணக் கணினி சற்று நேரத்தில் சொல்லிவிடும். அதே எண்ணின் காரணிகளைக் கேட்டால் உலகத்துக் கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் கையை விரிக்கக்கூடும். இதே வரிசையில் வரும் 2-இன் 1048576-ஆம் அடுக்கு + 1 என்ற 315653 இலக்க எண் பகு எண் என்பது நிரூபணமான விஷயம். ஆனால் அதன் ஒரு காரணிகூட இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை.

ஆகவே பகா எண் தேவைப்படுகிறவர் சோதனையோடு நிறுத்திக்கொள்ளலாம். காரணி தேவைப்படுகிறவருக்கும் முதல் படி அந்தச் சோதனைதான். பகா எண்ணைப் பகு எண் என்று நினைத்து உடைக்க உட்கார்ந்தால் வேலை முடியவே முடியாது.

நேரடியாக வகுத்துப் பார்ப்பது

எந்த வழிக்கும் முன்னால், காசு செலவில்லாத வடிகட்டல் ஒன்று செய்துவிடலாம். கடைசி இலக்கம் 7 என்பதால் 2, 5 போயின. இலக்கங்களின் கூட்டல் 59 என்பதால் 3 போயிற்று. 7 × 11 × 13 = 1001 என்பதைப் பயன்படுத்தி, வலமிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள்: 297 − 967 + 294 − 4 = −380. 380 என்பது 7-ஆலும் வகுபடாது, 11-ஆலும் வகுபடாது, 13-ஆலும் வகுபடாது. ஒரே கணக்கில் மூன்றும் முடிந்தன.

இதற்குப் பிறகு 17, 19, 23 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டு போவதுதான் நேர்வழி. எல்லை வர்க்கமூலம், இங்கே அது 65536-ஐ ஒரு மயிரிழை தாண்டும். 65536-க்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. 641 அவற்றில் 116-ஆவது. ஆக 116 வகுத்தலில் விடை வந்துவிடும். எண் பகா எண்ணாக இருந்திருந்தால் 6542 வகுத்தலையும் செய்திருக்க வேண்டும். இந்த வழியின் செலவை முடிவு செய்வது எண்ணின் மிகச்சிறிய காரணி.

கணினியில் எழுதும்போது இரண்டு இடங்களில் பிசகு வரும். 32 பிட் முழு எண்ணில் 4294967297-ஐ வைத்தால் அது 1 ஆகிவிடும், ஏனென்றால் 2³²-ஐத் தாண்டியதெல்லாம் வெட்டுப்படும். எண்ணை 64 பிட்டில் வைத்துவிட்டு வகுக்கும் எண்ணை மட்டும் 32 பிட்டில் வைத்தாலும் தப்பில்லை என்று தோன்றும். ஆனால் "வகுக்கும் எண்ணின் வர்க்கம் எண்ணைத் தாண்டும்வரை ஓடு" என்ற நிபந்தனையில் 65536 × 65536 என்பது 0 ஆகும். சுற்று நிற்கவே நிற்காது. எக்செலில் செய்கிறவர்களுக்கு வேறு சிக்கல். அது 15 இலக்கம்வரைதான் வைத்துக்கொள்ளும், அதற்குமேல் உள்ள இலக்கங்கள் சத்தமில்லாமல் சுழியமாகிவிடும்.

12 இலக்கம்வரை இந்த வழியே போதும் என்பது என் முடிவு. 10 லட்சத்துக்குள் 78498 பகா எண்கள்தான் இருக்கின்றன, கணினிக்கு அது கண்சிமிட்டும் நேரம். மற்ற வழிகளை எழுதிப் பிழை திருத்த ஆகும் நேரத்தில் நூறு தடவை வகுத்து முடித்துவிடலாம். 18 இலக்கத்துக்குப் போனால் கதை மாறுகிறது. 100 கோடிக்குள் 5 கோடியே 8 லட்சம் பகா எண்கள் இருக்கின்றன.

பகா எண்ணா என்று மட்டும் சோதிப்பது

ஃபெர்மாவின் சிறு தேற்றம் சொல்வது இது: எண் பகா எண்ணாக இருந்தால், அதனால் வகுபடாத எந்த எண்ணை எடுத்து "எண் கழித்தல் 1" என்ற அடுக்குக்கு உயர்த்தினாலும் மீதி 1 வரும். மீதி 1 வரவில்லை என்றால் பகு எண், சந்தேகமே இல்லை. 1 வந்தால் பகா எண்ணாக இருக்கலாம். இந்த "இருக்கலாம்" என்ற இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

நம் எண்ணில் சோதனைக்கு 2-ஐ அடியாக, அதாவது அடுக்குக்கு உயர்த்தப்படும் எண்ணாக, எடுத்துப் பாருங்கள். அடுக்கு 2³², அதாவது 2-ஐத் தொடர்ந்து 32 தடவை வர்க்கப்படுத்த வேண்டும். 2, 4, 16, 256, 65536 என்று போய் ஐந்தாவது வர்க்கத்தில் 4294967296 வருகிறது. அது எண்ணைவிட ஒன்று குறைவு, அதாவது மீதி −1. அடுத்த வர்க்கத்தில் 1. அதன்பின் கடைசிவரை 1-தான். சோதனையில் பகு எண் தேறிவிட்டது! இது தற்செயல் அல்ல. எண் 2-இன் அடுக்கோடு 1 கூட்டியது என்பதால் 2-ஐ அடியாக எடுத்தால் இந்த வரிசையில் எல்லா எண்களும் தேறிவிடும். இன்னும் கறாரான மில்லர்–ராபின் சோதனையிலும் 2-ஐ மட்டும் வைத்தால் இதே ஏமாற்றம்தான், ஏனென்றால் வழியில் −1 வந்தால் தேர்ச்சி என்பதே அதன் விதி.

அடியை 3 என்று மாற்றுங்கள். 32 வர்க்கத்துக்குப் பிறகு மீதி 3029026160. 1 இல்லை. பகு எண் என்று நிரூபணமாயிற்று. ஆனால் அந்த 3029026160-ஐ எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் 641 தெரியாது. சோதனை தீர்ப்பைச் சொல்லும், காரணியைச் சொல்லாது.

வெறும் ஃபெர்மா சோதனையை நம்பவே வேண்டாம். 561 = 3 × 11 × 17 போன்ற கார்மைக்கேல் எண்கள், பொதுக் காரணி இல்லாத எந்த அடியை எடுத்தாலும் அதில் தேறிவிடும். மில்லர்–ராபினில் அந்தத் தொல்லை இல்லை. பகு எண் ஒன்று, தற்செயலாக எடுத்த ஓர் அடியில் தேறுவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கு மேல் போகாது. 20 அடிகளில் சோதித்தால் ஏமாறும் வாய்ப்பு ஒரு லட்சம் கோடியில் ஒன்றைவிடக் குறைவு. எண் 64 பிட்டுக்குள் இருந்தால் வாய்ப்பு என்ற பேச்சே தேவையில்லை. 4759123141-க்குக் கீழே 2, 7, 61 என்ற மூன்று அடிகள் போதும், தீர்ப்பு உறுதியானது. நம் எண் அந்த எல்லைக்குள் சரியாக அடங்குகிறது. 64 பிட் முழுவதற்கும் 2 முதல் 37 வரையுள்ள 12 பகா எண்களை அடியாக எடுத்தால் ஒன்றுகூடத் தப்பாது. 2002-இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் வாய்ப்புக் கணக்கே இல்லாமல், இலக்க எண்ணிக்கையின் ஓர் அடுக்குக்குள் முடியும் சோதனையைக் கொடுத்தார்கள். கணிதத்தில் அது பெரிய வெற்றி. அன்றாட வேலைக்கு மில்லர்–ராபின்தான் வேகம்.

இங்கே வரும் பிசகு பெருக்கலில். 4294967297-ஐ எழுத 33 பிட் வேண்டும். அதற்குள் உள்ள ஒரு மீதியை வர்க்கப்படுத்தினால் 65 பிட்வரை போகும். 64 பிட் எண்ணில் மேல் பிட்டுகள் உதிர்ந்து தவறான மீதி வரும், எந்த எச்சரிக்கையும் வராது. பகா எண்ணைப் பகு எண் என்று நிரல் சொல்கிறதென்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். சி மொழியில் 128 பிட் எண்ணில் பெருக்கி மீதி எடுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண் 9007199254740991-க்கு மேல் துல்லியம் இழக்கும், அங்கே எத்தனை இலக்கமானாலும் தாங்கும் பிக்இன்ட் (BigInt) வகை வேண்டும். பைத்தானில் இந்தக் கவலை இல்லை. ஆனால் அடுக்கை முழுதாகக் கணக்கிட்டுவிட்டு மீதி எடுக்கும்படி எழுதிவிட்டால் நினைவகமே நிரம்பி நின்றுவிடும். ஒவ்வொரு பெருக்கலுக்கும் மீதி எடுக்கும் மூன்று உள்ளீட்டு அடுக்குச் செயல்பாட்டையே அழையுங்கள்.

போலார்டின் இரண்டு வழிகள்

காரணி வேண்டும், எண் 12 இலக்கத்தைத் தாண்டிவிட்டது என்றால் முதலில் கைவைக்க வேண்டியது ஜான் போலார்டு 1975-இல் தந்த ரோ முறை. ஓர் எண்ணில் தொடங்கி, வர்க்கப்படுத்தி 1 கூட்டி, மீதி எடுத்துக்கொண்டே போக வேண்டும். தெரியாத காரணியால் வகுத்த மீதிகள் ஒரு கட்டத்தில் மறுபடி வந்தே தீரும், ஏனென்றால் இருக்கக்கூடிய மீதிகளே அவ்வளவுதான். அந்த மறுபடிவை நேரில் பார்க்க முடியாது. ஆனால் இரண்டு உறுப்புகளின் வித்தியாசத்துக்கும் எண்ணுக்கும் மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி) எடுத்தால் காரணி வெளியே வந்துவிடும்.

641 என்ற காரணியின் கண்ணால் பார்த்தால் உள்ளே நடப்பது புரியும். 2-இல் தொடங்கினால் மீதிகள் இப்படிப் போகின்றன: 2, 5, 26, 36, 15, 226, 438, 186, 624, 290, 130, 235, 100, 386, 285, 460, 71, 555, 346, 491, 66, 511, மறுபடி 235. தொடக்கத்தைச் சுழியமாக வைத்து எண்ணினால் 11-ஆம் இடத்திலும் 235, 22-ஆம் இடத்திலும் 235. ஒரு சுட்டி ஒவ்வொரு படியாகவும் இன்னொன்று இரண்டிரண்டு படியாகவும் நகர்ந்தால், பதினோராவது நகர்வில் இரண்டும் ஒரே மீதியில் நிற்கின்றன; மீ.பொ.வ. 641 என்று வந்துவிடும். நேரடி வகுத்தலில் 116, இங்கே 11. காரணியின் வர்க்கமூலம் அளவுக்குத்தான் படிகள் ஆகும் என்பது இதன் பலம். 20 இலக்க எண்ணுக்கு மோசமான நிலையில்கூட லட்சக்கணக்கான படிகள்தான், கோடிக்கணக்கில் போகாது.

தவறு எங்கே வரும்? மீ.பொ.வ. முழு எண்ணாகவே வந்துவிட்டால் இரண்டு காரணிகளும் ஒரே படியில் மாட்டிக்கொண்டன என்று பொருள். கூட்டும் 1-ஐ 3 என்றோ 5 என்றோ மாற்றி மறுபடி ஓட்டுங்கள். கூட்டும் எண்ணாக 0-வும் −2-வும் கூடாது. அவற்றில் வரிசை தாறுமாறாக ஓடாமல் ஓர் ஒழுங்குக்குள் விழுந்துவிடும். வேகத்துக்காக நூறு வித்தியாசங்களைப் பெருக்கிச் சேர்த்து ஒரே மீ.பொ.வ. எடுப்பது வழக்கம். அப்போது முழு எண் வந்துவிட்டால் அந்த நூறையும் திரும்பப் போய் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அவருடைய இன்னொரு வழி, 1974-இல் வந்த "காரணி கழித்தல் 1" முறை. ஒரு பகாக் காரணியிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது சின்னச் சின்னப் பகா எண்களின் பெருக்கலாக இருந்தால் இது மின்னல் வேகம். 641 − 1 = 640 = 2⁷ × 5. இதைவிட வாகான எண் கிடைக்காது. 3-ஐ எடுத்து, 2-ஆம் அடுக்கு, அந்த விடைக்கு 3-ஆம் அடுக்கு, அதற்கு 4-ஆம் அடுக்கு என்று 8 வரை உயர்த்துங்கள், ஒவ்வொரு முறையும் மீதி எடுத்துக்கொண்டு. மொத்த அடுக்கு 1 முதல் 8 வரையுள்ள எண்களின் பெருக்கல், 40320; அது 640-ஆல் வகுபடும் (40320 = 640 × 63). எனவே விடையிலிருந்து 1 கழித்து மீ.பொ.வ. எடுத்தால் 641. மொத்தம் 18 பெருக்கல்தான். ஏழாவதோடு நிறுத்தியிருந்தால் வந்திருக்காது, 5040-இல் 2⁴ மட்டுமே இருக்கிறது. எட்டுதான் மீதி மூன்று இரண்டுகளையும் கொண்டுவருகிறது. பெரிய காரணி இதில் சிக்காது, 6700416 = 2⁷ × 3 × 17449. அந்த 17449 குறுக்கே நிற்பதால்தான் 641 தனியாக வெளியே வருகிறது.

இதையே 2-ஐ அடியாக வைத்துச் செய்தால்? 2-இன் 64-ஆம் அடுக்குக்கு 641-ஆலும் மீதி 1, 6700417-ஆலும் மீதி 1. இரண்டு காரணிகளும் ஒன்றாக வந்து விழும், மீ.பொ.வ. 4294967297 என்றே நிற்கும். 2³² + 1 போன்ற வடிவத்தில் உள்ள எண்ணுக்கு 2-ஐ அடியாக எடுக்காதீர்கள் என்பதை எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

வர்க்கங்களை வைத்து உடைப்பது

எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதுவது ஃபெர்மாவே தந்த வழி. வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணில் தொடங்கி, அதன் வர்க்கத்திலிருந்து எண்ணைக் கழித்து, மிச்சம் முழு வர்க்கமா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். இரண்டு காரணிகளும் அருகருகே இருந்தால் ஓரிரு படியில் முடியும். நம் எண்ணிலோ காரணிகள் பல ஆயிரம் மடங்கு தள்ளி இருக்கின்றன. இரண்டின் சராசரி 3350529. 65537-இல் தொடங்கி அதுவரை போக 32,84,993 படிகள். இந்த எண்ணுக்கு இதைவிட மோசமான தேர்வு இல்லை. பெரிய பகா எண்கள் இரண்டை அடுத்தடுத்து எடுத்து யாரோ பெருக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகம் இருந்தால் மட்டும் பத்துப் படி ஓட்டிப் பாருங்கள்.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதுவது இதைவிட அழகானது. 4294967297 = 65536² + 1². இது சும்மா கிடைத்தது. பகா எண்ணாக இருந்தால் இந்த ஒரு விதத்தில்தான் எழுத முடியும். இரண்டாவது விதம் ஒன்று அகப்பட்டால் எண் உடைந்தது. இங்கே அது 62264² + 20449². இரண்டையும் சேர்த்து வைத்தால் 65536 − 62264 = 3272, 20449 − 1 = 20448. இவற்றின் மீ.பொ.வ. 8. வகுத்தால் 409, 2556. இன்னொரு பக்கம் 65536 + 62264 = 127800, அதை 2556-ஆல் வகுத்தால் 50. 8-இன் பாதி 4, 50-இன் பாதி 25: 4² + 25² = 641. மற்றது 409² + 2556² = 6700417. இந்த இரண்டு வரியை ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள், எண்ணின் எலும்புக்கூடே தெரியும். ஆனால் இரண்டாவது விதத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவே ஆயிரக்கணக்கான சோதனைகள் ஆகும். ஆக, வழியாக இதை எடுக்க மாட்டேன். கிடைத்த விடையைச் சரிபார்க்க எடுப்பேன்.

எண்ணின் வடிவத்தைப் பார்ப்பது

இப்போது ஆய்லர் நின்ற இடத்துக்கு வருவோம். ஏதோ ஒரு பகா எண் 2³² + 1-ஐ வகுக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் அதனால் வகுத்த மீதிக் கணக்கில் 2³² என்பது −1. வர்க்கப்படுத்தினால் 2⁶⁴ என்பது 1. 2-ஐ எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தினால் முதன்முதலாக 1 வரும் என்று கேட்டால் பதில் 64. 32-இல் −1 வந்துவிட்டதால் அதற்கு முன் வந்திருக்க முடியாது. சிறு தேற்றப்படி அந்த 64, "பகா எண் கழித்தல் 1"-ஐ வகுத்தாக வேண்டும். ஆக, எந்தக் காரணியும் 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும்.

வரிசையை எழுதுங்கள்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இதில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டும். ஐந்தாவது வகுத்தலில் விடை. 1878-இல் எதுவார் லூக்கா இதை இன்னும் இறுக்கினார். அந்தக் காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் 2-க்கு அதன் மீதிக் கணக்கில் வர்க்கமூலம் உண்டு, அந்த வர்க்கமூலம் 1 ஆக 128 அடுக்கு வேண்டும். ஆகவே காரணிகள் 128-இன் மடங்கோடு 1 கூட்டியவை. இப்போது மிஞ்சுவது 257, 641 இரண்டுதான். 257 = 2⁸ + 1 என்பதால் அதில் 2⁸ என்பது −1, 2³² என்பது 1, நம் எண்ணுக்கு மீதி 2. வகுக்காமலே கழித்துவிடலாம். ஒரே ஒரு வகுத்தல்!

அந்த வகுத்தலைக்கூடச் செய்யாமல் பார்க்க முடியும். 641 = 5 × 2⁷ + 1; எனவே 641-இன் மீதிக் கணக்கில் 5 × 2⁷ என்பது −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1. இன்னொரு பக்கம் 641 = 5⁴ + 2⁴; எனவே 5⁴ என்பது −2⁴. அதை மேலே போட்டால் −2³² என்பது 1, அதாவது 2³² + 1 என்பது 0.

மிச்சமுள்ள 6700417 பகா எண்ணா? இதற்கும் வடிவமே கைகொடுக்கும். இதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டும். 128-இன் மடங்கோடு 1 கூட்டிய பகா எண்கள் அதற்குள் ஐந்துதான்: 257, 641, 769, 1153, 1409. வகுத்தால் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றும் சுழியம் இல்லை. பகா எண் என்று ஐந்து வகுத்தலில் நிரூபித்தாயிற்று.

பத்து இலக்கத்தில் இதெல்லாம் கணினிக்கு ஒரு பொருட்டில்லை என்று சொல்லலாம், உண்மைதான். அடுத்த எண்ணுக்குப் போங்கள். 2⁶⁴ + 1 = 18446744073709551617, 20 இலக்கம். நேரடி வகுத்தலுக்கு எல்லை 2³². அதற்குள் 20 கோடியே 32 லட்சம் பகா எண்கள். 1880-இல், கணினி என்ற பேச்சே இல்லாத நாளில், ஃபோர்த்யுனே லாண்ட்ரி இதை 274177 × 67280421310721 என்று உடைத்தார். 274177-க்குள் ஏறத்தாழ 24 ஆயிரம் பகா எண்கள் உண்டு. வடிவத்தைப் பார்த்தால் காரணிகள் 256-இன் மடங்கோடு 1 கூட்டியவை; 274177 = 256 × 1071 + 1. அதிகபட்சம் 1071 சோதனை. "காரணி கழித்தல் 1" முறையும் இங்கே வேலை செய்யும்: 274176 = 2⁸ × 3² × 7 × 17, ஆகவே 3-ஐ அடியாக வைத்து 17 வரை உயர்த்தினால் போதும்.

அதற்கடுத்த 39 இலக்க எண்ணான 2¹²⁸ + 1-இல் வடிவம் மட்டும் காப்பாற்றாது. அதன் சிறிய காரணியே 17 இலக்கம், 59649589127497217. 1970-இல் மைக்கேல் மாரிசனும் ஜான் பிரில்ஹார்ட்டும் தொடர்பின்ன முறையால் அதை எடுத்தார்கள். அதற்கடுத்த 78 இலக்க எண்ணின் 1238926361552897 என்ற காரணியை 1980-இல் ரிச்சர்ட் பிரெண்டும் போலார்டும் கண்டது ரோ முறையில்தான். ஆனால் வர்க்கப்படுத்தி 1 கூட்டுவதற்குப் பதில் 1024-ஆம் அடுக்குக்கு உயர்த்தி 1 கூட்டினார்கள், காரணிகள் 1024-இன் மடங்கோடு 1 கூட்டியவை என்பது தெரிந்ததால். பொதுவழியை எடுத்தாலும் வடிவத்தை அதற்குள் ஊட்டினார்கள்.

வடிவமே இல்லாத எண்ணுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆர்எஸ்ஏ-250 என்ற 250 இலக்க எண் ஒரு சான்று. 2020 பிப்ரவரியில் எண்புலச் சல்லடை என்ற, மிகப் பெரிய எண்களுக்கான பொது முறையால் அது உடைந்தபோது செலவான கணக்கு, கணினிச் செயலியின் ஒரே ஒரு கரு (core) தனியாக ஓடியிருந்தால் ஏறத்தாழ 2700 ஆண்டு.

எதை எடுப்பது

எண் எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். ஏதோ ஒரு அடுக்கோடு 1 கூட்டியதா, கழித்ததா, ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வருவதா, 1 முதல் வரிசையாக எண்களைப் பெருக்கி வரும் தொடர்பெருக்கலுக்கு அடுத்ததா என்று பாருங்கள். அப்படி ஏதாவது இருந்தால் காரணிகளின் வடிவத்தை எழுதிவிட்டு வகுக்க ஆரம்பியுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

வடிவம் இல்லை என்றால் இலக்கத்தைப் பாருங்கள். 12 வரை நேரடி வகுத்தல். 20 வரை, அதாவது 64 பிட்டுக்குள், 12 அடி மில்லர்–ராபினும் ரோவும். இரண்டும் சேர்ந்து ஐம்பது அறுபது வரி நிரல்தான். அதற்குமேல் சொந்தமாக எழுதுவதில் அர்த்தமில்லை. பாரி/ஜிபி போன்ற மென்பொருளிடம் கொடுங்கள். அதற்கும் மேலே, ஒரு காரணியாவது 40 இலக்கத்துக்குள் இருக்கும் என்று நம்பிக்கை இருந்தால் நீள்வட்ட வளைவு முறை. இரண்டு காரணிகளும் சம அளவு என்றால் 100 இலக்கம்வரை இருபடிச் சல்லடை, அதற்கப்பால் எண்புலச் சல்லடை. எதைத் தொடங்கும் முன்னும் "காரணி கழித்தல் 1" முறையைச் சில நிமிடம் ஓட்டிவிடுவது நல்லது. பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது, கிடைத்தால் நாட்கணக்கில் மிச்சம்.

விடை வந்தபின் பெருக்கிப் பாருங்கள். அதோடு நிறுத்தாமல் ஒவ்வொரு காரணியையும் தனித்தனியாகப் பகா எண் சோதனைக்கு அனுப்புங்கள். பெருக்கல் சரியாக இருந்தும் ஒரு காரணி இன்னும் உடையக்கூடியதாக இருந்துவிட்டால், அதற்குப் பின் வரும் குணங்கள் எல்லாம் தப்பாகிவிடும். நம் எண்ணில் இரண்டும் பகா எண்கள் என்று பார்த்துவிட்டோம், ஆகவே வகுத்திகள் நான்கு: 1, 641, 6700417, 4294967297. கூட்டுத்தொகை 642 × 6700418 = 4301668356. இதைவிடச் சிறிய எண்களில் இதனோடு பொதுக் காரணி இல்லாதவை 640 × 6700416 = 4288266240. கடைசி எண்ணைச் சரிபார்க்க, 4294967297-இலிருந்து இரண்டு காரணிகளையும் கழித்து 1 கூட்டுங்கள். அதே எண் வர வேண்டும்.